நீல டிக், சிவப்பு டிக்

பட்டாணிக்கு அரிப்பு ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் பாக்கி என்பதால், பிறந்ததிலிருந்து நாலில் ஒரு பங்கு காலத்தை அவள் சொறிந்தே கழித்திருந்தாள். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், இரண்டு கணுக்கால்கள். அங்கெல்லாம் தோல் சிவந்து, தடித்து, ஓரம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போது நாற்காலிக் காலில் கணுக்காலைத் தேய்ப்பாள். படம் பார்க்கும்போது சோபா முனையில் தேய்ப்பாள். பக்கத்தில் எதுவும் அகப்படாவிட்டால் அப்பாவின் பேண்ட் இருக்கவே இருக்கிறது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துபவள். இரண்டு பேருமே நூலளவு பிசகினால் காரியம் கெட்டுவிடும் தொழிலில் இருப்பவர்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ‘பாவம், விவரம் தெரியாதவர்கள் போலிருக்கிறது’ என்று யாரும் அவர்கள்மேல் பரிதாபப்பட வேண்டாம்.

எக்ஸிமா என்ற பெயர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வைத்தியம் வந்து குவிந்துவிட்டது. மாடி வீட்டுக்காரம்மா தினமும் குளிப்பாட்டாதே என்றார். மெக்கானிக்கின் சூப்பர்வைசர் தினமும் ரெண்டு வேளை குளிப்பாட்டு என்றார். பட்டாணியின் பெரியம்மா போன் செய்து பாலை நிறுத்தச் சொன்னாள். அன்று சாயங்காலமே சித்தப்பா போன் செய்து, முட்டையை நிறுத்திவிட்டுப் பாலைக் கூட்டச் சொன்னான். எண்ணெய் தடவு, எண்ணெயே ஆகாது, வெயிலில் காட்டு, வெயிலே கூடாது. எல்லோரும் நல்லவர்கள்தான். ஒரு வீட்டைக் குழப்புவதற்கு இத்தனை நல்லவர்கள் போதும், கெட்டவன் ஒருவன் தனியாக வர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, ‘உன் அக்கா பேச்சைக் கேட்டுத்தான்’, ‘உங்க தம்பி பேச்சைக் கேட்டுத்தான்’ என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டார்கள். மறுநாள் தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா பட்டாணியின் முழங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“வெதுவெதுப்பான தண்ணில சீக்கிரமா குளிப்பாட்டுங்க. தேய்க்கவே கூடாது. துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள இந்த வெள்ளை கிரீமை உடம்பு பூரா தாராளமா தடவுங்க. செவந்த இடத்துல மட்டும் இந்த ஆயின்மென்ட். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் அம்மா படியிலேயே நின்றாள்.

“இனிமே யார் பேச்சும் வேண்டாம். அக்கா இல்ல, தம்பி இல்ல, மாடி வீடு இல்ல. டாக்டர் சொன்னதுதான்.”

“சொன்னது சொன்னபடி” என்றான் அவன். நடுவில் நின்றிருந்த பட்டாணியின் தலைக்குமேல் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கல்தான் எல்லாவற்றுக்கும் வினையாக முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு தாளில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காலை அவன் பொறுப்பு, நீலப் பேனா. மாலை அவள் பொறுப்பு, சிவப்புப் பேனா. மருந்து போட்டவர் டிக் அடிக்க வேண்டும்.

மருந்து வாங்கப் போனது அவன். மருந்துக் கடைக்காரர் டியூபைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “குழந்தைக்கா? ஸ்டீராய்டு சார். பாத்துப் போடுங்க” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆள் இருமல் மருந்து கேட்டான், திரும்பிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை மெக்கானிக்கின் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, லிஃப்ட் மேனுவலைப் படிப்பதுபோல நின்றபடியே முழுக்கப் படித்தான். தோல் மெலிதல் என்று போட்டிருந்தது. என்ன வீரியத்துக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதும் அதே வரியில்தான் இருந்திருக்கும். பயந்தவன் கண்ணுக்கு அதெல்லாமா தெரியும்?

மறுநாள் காலை பட்டாணியைக் குளிப்பாட்டி ஸ்டூலில் உட்கார வைத்தான். வெள்ளை கிரீமைத் தாராளமாகத் தடவினான். ஆயின்மென்ட்டைத் திறந்தான். விரல் நுனி அளவு பிதுக்கினான். கணுக்கால்வரை போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தோல் ஏற்கெனவே காகிதம் மாதிரி இருந்தது. இதற்குமேல் எங்கே மெலிவது?

டிஷ்யூ பேப்பர் ஒன்றை உருவி, விரலை அதில் துடைத்தான். இன்னொரு விரலளவு பிதுக்கி அதையும் துடைத்தான். டியூப் குறையாவிட்டால் அவள் கேட்பாளே. பேப்பரை மடித்துக் குப்பைக் கூடைக்கு அடியில் செருகினான். பட்டாணி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நீலப் பேனாவை எடுத்து டிக் அடித்தான்.

அது அவனுக்குச் சுலபமாக வந்த டிக் அல்ல. மெஷின் ரூமில் பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல் ‘பிரேக் சரி’ என்று அவன் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று வேலைக்குப் போய் லாக் புத்தகத்தைத் திறந்தபோது உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் சமாதானம் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தான். சாயங்காலம் அவள்தான் போடுகிறாளே. டாக்டர் பேச்சைத் தட்டாதவள். ஒரு வேளை மருந்து உடம்பில் சேர்ந்தால் குணமாகும், ஒரு வேளை நிறுத்தினால் தோலும் பிழைக்கும். கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் பட்டது.

நாலாம் நாள் அந்தக் கணக்கு உதைத்தது. பாதி மருந்தாவது உள்ளே போகிறது, அப்படியென்றால் பாதியாவது குறைய வேண்டும். குறையவில்லை. காலையில் எழுந்து வந்த பட்டாணியின் கணுக்கால் முந்தின நாளைவிடச் சிவந்திருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பழுது கண்டுபிடிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. சோப்பை மாற்றினான். கம்பளிக் கரடியை அலமாரிமேல் ஏற்றினான். பட்டாணி அதற்கு அரை மணி நேரம் அழுதாள். தன் கையில் இருக்கும் கிரீஸ்தான் காரணமோ என்று வேலையிலிருந்து வந்ததும் முழங்கைவரை கழுவினான். போர்வையை மாற்றினான், தலையணையை மாற்றினான், ஜன்னலைச் சாத்தினான், திறந்தான். லிஃப்ட் என்றால் இதற்குள் எந்த ரிலே சுவிட்ச் போயிருக்கிறது என்று சொல்லியிருப்பான். இந்தக் குட்டி உடம்பு மட்டும் பிடி கொடுக்கவில்லை.

ஏழாம் நாள், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தபோது, அவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. அல்லது விளங்கியதாக நினைத்தான். காலையில் சிவப்பு ஏன் கூடுகிறது? அதற்கு முந்தின மாலை என்ன நடக்கிறது? ஆயின்மென்ட். அவள் போடுகிற ஆயின்மென்ட்தான் குழந்தையைச் சுடுகிறது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்லப் பேச்செடுத்தான்.

“சாயங்காலம் ஆயின்மென்ட் எவ்வளவு போடறே?”

“டாக்டர் சொன்ன அளவுதான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “நீங்க காலைல எவ்வளவு போடறீங்க?”

“அதே அளவுதான்.”

“கொஞ்சம் கம்மியா போட்டாதான் என்ன?”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் சொன்னதே சட்டம் என்று படியில் நின்று முழங்கியவளா இவள்?

“நீ வேணா சாயங்காலம் கம்மி பண்ணேன்” என்றான்.

“நான் எதுக்குப் பண்ணணும்? காலைல போடறதுதான் அவளுக்கு ஒத்துக்கலையோ என்னவோ.”

“காலைல போடறது நல்லாத்தான் ஒத்துக்குது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்று அவன் சொல்லவா முடியும்? மோரை எடுத்துக் குடித்தான். அவள் ஏன் அப்படி முறைத்தாள் என்பதும் புரியவில்லை, ஏன் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள் என்பதும் புரியவில்லை. பட்டாணி நாற்காலிக் காலில் சரக் சரக்கென்று கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அவன் புது வேலை ஒன்று சேர்த்துக்கொண்டான். மாலையில் அவள் போட்டது ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைப் போக்க வேண்டுமே என்று மடிப்புகளிலும் கணுக்காலிலும் சோப்புப் போட்டுத் துணியால் தேய்த்துக் கழுவினான். பட்டாணி முதல் நாள் கத்தினாள், இரண்டாம் நாள் முனகினாள், மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்தப் பேசாமை அவனை அறுத்தது. மனைவிமேல் கோபம் கோபமாக வந்தது. ‘பெத்தவளுக்குக் கண் தெரியாதா? இவ்வளவு சிவந்தும் மேலும் மேலும் அப்பிக்கொண்டிருக்கிறாளே’ என்று மனசுக்குள் வைதான். வைதுகொண்டே இரண்டு விரலளவு பேப்பரில் துடைத்துவிட்டு, டிக் அடித்தான்.

ஃப்ரிட்ஜில் கட்டங்கள் நிறைந்தன. ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சிவப்பு. ஒரு இடம்கூட விடுபடவில்லை. முதல் டியூப் ஏழாம் நாள் தீர்ந்தது, இரண்டாவதும் சொல்லிவைத்தாற்போலத் தீர்ந்துகொண்டு வந்தது. தாளைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது. குழந்தையைப் பார்த்தால் பகீரென்றது. பதிமூன்றாம் நாள் பகலில் பட்டாணியை விட்டுவரும் குழந்தைகள் காப்பகத்து அக்கா போன் செய்து, பட்டாணி சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிட்டது, சாக்ஸில் ஒட்டிக்கொண்டு கழற்ற முடியவில்லை என்று சொன்னாள்.

பதினாலாம் நாள் டாக்டரம்மா சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். மற்றக் காலையும் திருப்பிப் பார்த்தார்.

“மருந்து ஒழுங்கா போட்டீங்களா?”

அவள் தாளை நீட்டினாள். காலியான டியூபையும், காலியாகப் போகிற டியூபையும் மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா கட்டங்களை மேலிருந்து கீழே பார்த்தார், டியூபை அழுத்திப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்கான பெற்றோரை அவர் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஆச்சரியமா இருக்கே. இந்த மருந்துக்கு இந்த நேரம் பாதிக்குமேல அடங்கியிருக்கணும். கேக்கலைன்னா அடுத்த படிக்குத்தான் போகணும். உள்ளுக்குச் சாப்பிடற மருந்து ஒண்ணு இருக்கு. உடம்பு பூரா வேலை செய்யற மருந்து, அதனால மொதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கணும். அப்புறமும் அப்பப்ப எடுத்துப் பாக்கணும்.”

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

மெக்கானிக்குக்குக் காது அடைத்தது. தோலுக்குமேல் ஒரு விரலளவு போடுவதற்குப் பயந்தவன் அவன். இப்போது உள்ளுக்கு, உடம்பு பூராவுக்கு. அந்தப் பொய் டிக்குகளை நம்பி ஒருத்தர் எழுதிக்கொண்டிருக்கிறார். பிரேக் சரி என்று அவனே கையெழுத்துப் போட்ட லிஃப்டில் அவன் மகளை ஏற்றிவிடப் போகிறார்கள். வெட்கம் பார்க்கிற நேரமா இது?

“டாக்டர்,” என்றான். “காலைல நான் போடல.”

பேனா நின்றது.

“ஒரு நாள் விட்டுட்டீங்களா?”

“ஒரு நாளும் போடல. பயமா இருந்துச்சு. பேப்பர்ல துடைச்சுட்டு டிக் போட்டேன்.”

மனைவி பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. இப்போது கத்தப் போகிறாள், டாக்டர் முன்னாலேயே மானத்தை வாங்கப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை.

டாக்டரம்மா டிக் போட்ட தாளை மறுபடி பார்த்தார். “சொன்னீங்களே, அது நல்லதாப் போச்சு. ஆனா அப்பவும் கணக்கு ஒத்து வரலையே. சாயங்காலம் இவங்க போட்டிருக்காங்க இல்லையா? ஒரு வேளை போட்டாலே ஓரளவுக்கு அடங்கியிருக்கணும். இங்க கூடிப்போயிருக்கு. அதனால எப்படியும் நான் ரத்தம் எடுக்க...”

“எழுதாதீங்க டாக்டர்.”

அவள் கை பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் நீண்டிருந்தது. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து நுனி வழவழத்துப்போன அந்த விரல்கள் தாளை மூடியிருந்தன.

“சாயங்காலம் நானும் போடல. கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருத்தங்க, அவங்க சொந்தத்துல ஒரு குழந்தைக்கு இதைப் போட்டுத் தோலே மெலிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. இவர் காலைல போடறாரேன்னு நான் சாயங்காலத்து மருந்த வாஷ்பேசின்ல பிதுக்கித் தண்ணியத் திறந்துவிட்டுட்டேன்.”

மெக்கானிக் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் மூளை மட்டும் பழக்க தோஷத்தில் பழுதைத் தேடிக்கொண்டிருந்தது. காலையும் இல்லை, மாலையும் இல்லை. அப்படியென்றால் மருந்து சுடவே இல்லை. அப்படியென்றால் ஏன் கூடிற்று?

அதை டாக்டரம்மாவே கேட்டார். “மருந்து போடலைன்னா இருந்தபடி இருந்திருக்கலாம். இவ்வளவு மோசமானது ஏன்? வேற ஏதாவது பண்ணினீங்களா?”

“சாயங்காலம் இவ போட்டது போகட்டும்னு காலைல சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன்” என்றான் அவன்.

“காலைல இவர் போட்டது போகட்டும்னு நானும் சாயங்காலம் தேய்ச்சுக் கழுவினேன்” என்றாள் அவள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சிரிப்பாரோ, திட்டுவாரோ என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“இல்லாத மருந்த ரெண்டு வேளையும் தேய்ச்சுக் கழுவியிருக்கீங்க” என்றார். “இருந்த கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் போயிடுச்சு. பயம் வந்தா தப்பில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீரியமான மருந்த மாசக்கணக்கா, யாரையும் கேக்காம போட்டா தோல் மெலியும், நெசம்தான். இது இந்த அளவுக்கு, இந்த இடத்துக்கு, நான் சொல்ற நாளுக்கு மட்டும். ஒரு வாரத்துல எங்கிட்ட கூட்டிட்டு வந்து காட்டப்போறீங்க. பிறகென்ன?”

பஸ்ஸில் ஏறித் திரும்பினார்கள். சண்டை போடலாம் என்றால் யாருக்கு அந்த யோக்கியதை இருக்கிறது? ஒரு வாரமாக அவளை மனசுக்குள் வைதது அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளும் அதேபோல அவனை வைதிருப்பாள். வைததுகூடப் பரவாயில்லை. குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளே, அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? பட்டாணி ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டின் கம்பியில் கணுக்காலைத் தேய்க்கப் பார்த்தாள். எட்டவில்லை. அவன் அந்தக் காலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே குளிப்பாட்டினார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்ப்பில்லை. அவள் துண்டால் ஒத்தி எடுத்தாள், அவன் வெள்ளை கிரீமைத் தடவினான். கொஞ்ச நேரம் ஊறவிட்ட பிறகு பட்டாணியை ஸ்டூலில் உட்கார வைத்து இருவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். அவன் விரல் நுனி அளவு ஆயின்மென்ட்டைப் பிதுக்கிக் கணுக்கால் பக்கம் கொண்டுபோனான்.

பட்டாணி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“அது எனக்கில்லப்பா. அது பேப்பருக்கு.”

அவன் விரல் அந்தரத்தில் நின்றது.

பட்டாணிக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துச் சொன்னாள். “வெள்ளை எனக்கு. இது காலைல பேப்பருக்கு. சாயங்காலம் பைப்புக்கு. இல்லம்மா?”

பதினாலு நாளும் முழு விஷயமும் தெரிந்திருந்த ஒரே ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும், மருந்து என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

“இல்லடா கண்ணு,” என்றான் மெக்கானிக். “இனிமே பேப்பருக்கு வேண்டாம். பேப்பருக்கு அரிக்கவே அரிக்காது.”

பட்டாணி அதை யோசித்துப் பார்த்தாள். குப்பைக் கூடையைப் பார்த்தாள், டிஷ்யூப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு தன் கணுக்காலைப் பார்த்தாள்.

“எனக்கு அரிக்கும்பா” என்றாள், அவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதியைச் சொல்கிற மாதிரி.

அம்மா குழந்தையின் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மருந்தைப் போட்டான்.